மை டாக்குமெண்ட்ஸ் எங்கே போனது?

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கணினியில் இயங்குதளத்தை நானே புதிதாகப் போட்டேன். "இதுக்கெல்லாம் கடைக்குத் தூக்கிட்டுப் போகணுமாப்பா, நானே பண்றேன்" என்று அப்பாவிடம் பெருமையாகச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. புதுப் படம், புதுப் பொத்தான்கள், எல்லாம் பளபளவென்று இருந்தது. சாயங்காலம் அப்பா வந்து உட்கார்ந்தார். வழக்கம்போல டாக்குமெண்ட்ஸைத் திறந்தார். காலி.

அதில் தாத்தா இருந்தார். தாத்தா கடைசி இரண்டு வருடம் படுக்கையில் இருந்தபோது சொன்ன கதைகளை அப்பா ஒற்றை விரலால் தட்டித் தட்டி நாற்பது பக்கம் எழுதி வைத்திருந்தார். ஊர்க் கண்மாய் உடைந்த கதை, பாட்டியைப் பெண் பார்க்கப் போன கதை, எல்லாம். அப்பா என்னைத் திட்டவில்லை. "பரவாயில்லடா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். திட்டியிருந்தால் தேவலை.

கோப்பு மூன்றாம் நாள் கிடைத்தது. எப்படி என்று கடைசியில் சொல்கிறேன். தேடிய அந்த மூன்று நாளில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வீட்டில் பீரோ ஒரே இடத்தில்தான் இருக்கிறது. கணினியில் மட்டும் சொந்தக் கோப்புகள் வைக்கும் இடம் ஏன் ஒவ்வொரு புது இயங்குதளத்துக்கும் மாறுகிறது? தேடிப் படித்ததில் பதில் கிடைத்தது. நாம் ஃபோல்டரைப் பெயரால் அறிகிறோம், கணினி அதை முகவரியால் அறிகிறது. பெயர் ஏறக்குறைய அப்படியே இருக்க, முகவரி மட்டும் பல முறை மாறியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காரணம் உண்டு. அந்த வரலாறுதான் இந்தக் கட்டுரை.

ஒரு கணினி, பல பேர்

1960களில் கணினி என்பது ஒரு ஹால் அளவுக்கு இருந்தது. அதைப் பல பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். அப்படியானால் என் கோப்பும் உங்கள் கோப்பும் கலந்துவிடாமல் இருக்க வேண்டும் அல்லவா? 1965ல் ராபர்ட் டேலி, பீட்டர் நியூமன் இருவரும் மல்டிக்ஸ் என்ற இயங்குதளத்துக்காக ஒரு கட்டுரை எழுதினார்கள். டைரக்டரிக்குள் டைரக்டரி, அதற்குள் இன்னொன்று என்று மரக்கிளை போலப் பிரிந்து போகும் அமைப்பை அதில் விவரித்தார்கள். இன்று நாம் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போடுவதற்கு அதுதான் வேர்.

1969ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் தொடங்கிய யுனிக்ஸ் இதே மர அமைப்பை எடுத்துக்கொண்டது. ஆரம்பத்தில் பயனாளர்களின் சொந்த டைரக்டரிகள் 'யுஎஸ்ஆர்' என்ற கிளையில் இருந்தன. தாம்சனின் கோப்புகள் அதற்குள் 'கென்' என்ற பெயரில் இருந்தன. காலப்போக்கில் இயங்குதளத்தின் புரோகிராம்களும் அதே கிளைக்கு வந்து குடியேற, பயனாளர்கள் வேறு இடத்துக்குப் போக வேண்டியதாயிற்று. இன்றைய லினக்ஸில் நம் கோப்புகள் 'ஹோம்' என்ற தனிக் கிளையில் இருக்கின்றன. 'யுஎஸ்ஆர்' முழுக்க இயங்குதளத்தின் வசம். வீட்டுக்காரரை வெளியே அனுப்பிவிட்டு வீட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்ட மாதிரி!

ஆனால் இந்தப் பிரிவினையில் ஒரு லாபம் உண்டு. லினக்ஸில் 'ஹோம்' பகுதியை வன்தட்டில் தனிப் பிரிவாக வைத்துக்கொண்டால், இயங்குதளத்தை முழுவதுமாக அழித்துப் புதிதாகப் போட்டாலும் அந்தப் பகுதியைத் தொடாமல் விட்டுவிடலாம்.

ஒரு கணினி, ஒரே ஆள்

1981 ஆகஸ்டில் ஐபிஎம் பர்சனல் கம்ப்யூட்டர் வந்தது. பர்சனல் என்றால் ஒரே ஆளுக்கானது. அதனுடன் வந்த டாஸ் முதல் பதிப்பில் டைரக்டரிக்குள் டைரக்டரி போடவே முடியாது. 160 கேபி பிளாப்பியில் எத்தனை கோப்பு இருந்துவிடப் போகிறது? 1983ல் பத்து எம்பி ஹார்ட் டிஸ்க்குடன் ஐபிஎம் எக்ஸ்டி வந்தபோது, டாஸ் 2.0 துணை டைரக்டரிகளைக் கொண்டுவந்தது. ஆனாலும் 'இது இன்னாருடைய இடம்' என்ற எண்ணமே அதில் இல்லை. ஒரே ஆள்தானே உட்காரப் போகிறார்.

இன்னொரு பக்கம் 1981ல் ஜெராக்ஸ் ஸ்டார், 1984ல் ஆப்பிள் மெக்கின்டாஷ் என்று, அலுவலக மேசையில் இருக்கும் அட்டைக் கோப்புறையைப் படமாகவே திரையில் காட்டும் கணினிகள் வந்தன. இதில் ஒரு வேடிக்கை. முதல் மெக்கின்டாஷில் ஃபோல்டர் என்பது வெறும் காட்சிதான். உள்ளே எல்லாக் கோப்புகளும் ஒரே பட்டியலில் கிடந்தன. அதனால் இரண்டு வெவ்வேறு ஃபோல்டர்களில்கூட ஒரே பெயரில் இரண்டு கோப்பு வைக்க முடியாது. 1985ல் வந்த புதிய கோப்பு முறைதான் ஃபோல்டரை நிஜமாக்கியது. திரையில் தெரிவது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று என்ற சங்கதி அன்றைக்கே இருந்திருக்கிறது.

'மை' வந்த கதை

விண்டோஸின் ஆரம்ப காலத்தில் பல புரோகிராம்கள் தாங்கள் இருக்கும் டைரக்டரியிலேயே நம் கோப்பையும் சேமித்துவிடும். புரோகிராமை அழித்தால் கோப்பும் போச்சு. 1995ல் விண்டோஸ் 95 நீளமான கோப்புப் பெயர்களைக் கொண்டுவந்தது. அதுவரை பெயருக்கு எட்டு எழுத்து, வாலுக்கு மூன்று எழுத்து என்ற கஞ்சத்தனம்தான். 1998ல் வந்த விண்டோஸ் 98 டெஸ்க்டாப்பிலேயே மை டாக்குமெண்ட்ஸ் படத்தை வைத்தது. சி டிரைவைத் திறந்தால் நேராக மை டாக்குமெண்ட்ஸ். அவ்வளவு சுருக்கமான முகவரி.

இதே சமயம் அலுவலகங்களுக்கான விண்டோஸ் என்டி வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது. அங்கே ஒரு கணினியில் பல பேர் உட்காருவார்கள். எனவே ஆளுக்கொரு தனி இடம் தேவை. 1996ல் வந்த என்டி 4.0 அந்த இடத்தை இயங்குதளத்தின் டைரக்டரிக்குள்ளேயே, 'புரொஃபைல்ஸ்' என்ற பெயரில் வைத்தது. நம் பெட்டியை ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் வைத்த மாதிரி. 2000ல் விண்டோஸ் 2000 அதை வெளியே எடுத்து 'டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்ற ஃபோல்டரில் போட்டது. 2001ல் வந்த எக்ஸ்பி இதை வீட்டுக் கணினிகளுக்கும் கொண்டுவந்தது.

பிரச்சினை இங்கேதான் பிடித்தது. விண்டோஸ் 98லிருந்து எக்ஸ்பிக்கு மாறியவருக்கு மை டாக்குமெண்ட்ஸ் என்ற பெயர் மாறவில்லை. ஆனால் அதன் முகவரி இப்போது சி:\டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்\பெயர்\மை டாக்குமெண்ட்ஸ். பழைய கணினியைப் பேக்கப் எடுக்கும்போது சி டிரைவின் முகப்பிலேயே மை டாக்குமெண்ட்ஸைத் தேடிப் பழகியவர்களுக்கு, இங்கே அது கண்ணில் படவே படாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. எக்ஸ்பியில் பாஸ்வேர்ட் வைத்தால் 'உங்கள் ஃபோல்டரைத் தனிப்பட்டதாக ஆக்கட்டுமா' என்று கேட்கும். ஆமாம் என்று சொன்னால் மற்றவர்கள் திறக்க முடியாது. நல்லதுதான். ஆனால் கணினி நம்மைப் பெயரால் நினைவில் வைப்பதில்லை, ஒரு நீண்ட அடையாள எண்ணால் வைக்கிறது. இயங்குதளத்தைப் புதிதாகப் போட்டு அதே பெயரில் கணக்குத் தொடங்கினாலும் எண் வேறு. சொந்தக்காரரே வந்து கதவைத் தட்டினாலும் 'அனுமதி இல்லை' என்றுதான் பதில் வரும். ஃபோல்டரின் உரிமையை நிர்வாகி கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டால் திறக்கும். கோப்பை விண்டோஸின் மறைகுறியாக்கத்தால் பூட்டியிருந்து, அதன் சாவியைத் தனியே எடுத்து வைக்கவில்லை என்றால் அதுவும் இல்லை.

நம் ஊர் வைத்தியம்: டி டிரைவ்

அந்தக் காலத்தில் நம் ஊர்க் கணினிக் கடைகளில் அடிக்கடி கேட்ட வாசகம், "ஃபார்மட் பண்ணிடலாமா சார்?" வைரஸ் வந்தாலும் ஃபார்மட், வேகம் குறைந்தாலும் ஃபார்மட். அதனால் அண்ணன்மார்கள் ஒரு வைத்தியம் சொல்லித் தந்தார்கள். ஹார்ட் டிஸ்க்கை சி, டி, இ என்று பிரித்துக்கொள். சி டிரைவில் விண்டோஸ் மட்டும். பாட்டு, போட்டோ, புராஜெக்ட் எல்லாம் டியில். ஃபார்மட் பண்ணினால் சி மட்டும்தான் போகும். ஒரு கணினி வரலாற்றுப் புத்தகமும் படிக்காமல், யுனிக்ஸ்காரர்கள் வந்து சேர்ந்த அதே முடிவுக்கு நம் கடைக்காரர்களும் வந்துவிட்டார்கள்.

ஆனால் தமிழர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு குழி இருந்தது: எழுத்துரு. யூனிகோட் பரவும் முன்பு பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில்தான் தட்டச்சு செய்தோம். அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. கோப்புக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகள். எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் கிறுக்கல். கோப்பை டி டிரைவில் பத்திரமாக வைத்தோம். எழுத்துருவோ சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருந்தது. ஃபார்மட் செய்ததும் பூட்டு தப்பித்தது, சாவி தொலைந்தது. விண்டோஸ் 2000லேயே தமிழ் யூனிகோடும் லதா எழுத்துருவும் வந்துவிட்டாலும், பழைய வழக்கம் அதற்குப் பிறகும் பல வருடம் நீடித்தது.

விஸ்டாவின் பொய்க் கதவு

2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு விஸ்டா வந்தது. மறுபடியும் வீடு மாற்றம். 'டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' ஆங்கிலத்தில் இடைவெளியோடு 22 எழுத்து. அதைத் தூக்கிவிட்டு ஐந்தே எழுத்தில் 'யூசர்ஸ்' என்று வைத்தார்கள். விண்டோஸில் ஒரு கோப்பின் முழு முகவரிக்குப் பல காலமாக 260 எழுத்து என்ற வரம்பு இருந்ததால் இந்தச் சிக்கனம் தேவைப்பட்டது. 'மை' போயிற்று. வெறும் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக். எக்ஸ்பியில் படங்களும் பாட்டுகளும் மை டாக்குமெண்ட்ஸின் உள்ளே இருந்தன. விஸ்டாவில் அவை வெளியே வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தன. அதாவது, டாக்குமெண்ட்ஸை மட்டும் பிரதி எடுத்தால் படங்களும் சேர்ந்து வந்துவிடும் என்ற பழைய நம்பிக்கை இனி செல்லாது.

சரி, பழைய முகவரியை மனப்பாடம் செய்து வைத்திருந்த பழைய புரோகிராம்கள் என்ன ஆகும்? அவற்றுக்காக விஸ்டா 'டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்ற பெயரில் ஒரு வழிகாட்டிப் பலகையை வைத்தது. அந்த முகவரிக்கு வரும் புரோகிராமை அது சத்தமில்லாமல் யூசர்ஸுக்கு அனுப்பிவிடும். மனிதர்கள் அதை க்ளிக் செய்தால் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வரும். மறைத்து வைத்த கோப்புகளைக் காட்டச் சொல்லித் தேடியவர்கள் இதைப் பார்த்து, 'என் கோப்பெல்லாம் இதற்குள்தான் பூட்டிக் கிடக்கிறது' என்று பதறினார்கள். அதற்குள் ஒன்றும் இல்லை. அது கதவு மாதிரி வரைந்த சுவர்.

2009ல் விண்டோஸ் 7 'லைப்ரரி' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. பல இடங்களில் இருக்கும் ஃபோல்டர்களை ஒரே இடத்தில் இருப்பதுபோலக் காட்டும் ஏற்பாடு. 'மை டாக்குமெண்ட்ஸ்' என்ற பெயரும் திரும்பி வந்தது, ஆனால் திரைக்கு மட்டும். உள்ளே அது டாக்குமெண்ட்ஸ்தான். 2013ல் விண்டோஸ் 8.1 லைப்ரரியைக் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட்டது. இப்படிப் பெயரும் முகவரியும் விலகிக்கொண்டே போனதன் விலை 2018ல் தெரிந்தது.

2018 அக்டோபர்

அந்த வருடம் அக்டோபர் 2ம் தேதி விண்டோஸ் 10ன் 1809 என்ற மேம்பாடு வெளியானது. சில நாட்களிலேயே மைக்ரோசாப்ட் அதை நிறுத்தி வைத்தது. மேம்படுத்திய சிலரின் கோப்புகள் அழிந்துவிட்டன. இடம் மாறவில்லை, நிஜமாகவே அழிந்துவிட்டன.

காரணத்தை நிறுவனமே பிறகு விளக்கியது. விண்டோஸில் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களின் முகவரியை நாமே டி டிரைவுக்கு மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றும்போது பழைய இடத்தில் இருக்கும் கோப்புகள் தானாக வந்துவிடும் என்பதில்லை. நாம் நகர்த்தச் சொன்னால்தான் வரும். அதற்கு முந்தைய மேம்பாட்டில், இப்படி மாற்றியவர்களின் கணினியில் அதே பெயரில் காலி ஃபோல்டர்கள் இரட்டையாகத் தோன்றுவதாகப் புகார் வந்தது. அதைச் சரிசெய்ய, தேவையில்லாத அந்தப் பழைய ஃபோல்டரை நீக்கும்படி 1809ல் எழுதினார்கள். பழைய இடத்தில் இன்னும் கோப்புகள் மிச்சம் இருந்தவர்களுக்கு ஃபோல்டரோடு கோப்புகளும் போயின.

பாதிக்கப்பட்டதாகப் புகார் வந்தது மேம்படுத்தியவர்களில் பத்தாயிரத்தில் ஒருவர் என்ற விகிதத்தில்தான் என்று மைக்ரோசாப்ட் சொன்னது. வெளியாவதற்கு முன்பு சோதித்துப் பார்த்தவர்களில் சிலர் ஏற்கனவே இதைப் புகார் செய்திருந்தார்கள். மற்ற புகார்களின் நடுவே அது கவனிக்கப்படவில்லை. அதன் பிறகுதான் புகார் செய்யும் இடத்தில் 'எவ்வளவு தீவிரம்' என்று குறிப்பிடும் வசதி வந்தது. திருத்திய பதிப்பு நவம்பர் 13ல் வெளிவந்தது.

பத்தாயிரத்தில் ஒருவர் என்பது கணக்குக்குச் சின்ன எண். அந்த ஒருவருக்கு அது முழு எண். எனக்கு உறுத்தியது இன்னொன்று. இதில் மாட்டியவர்களில் ஒரு பகுதியினர், 'சி டிரைவில் வைக்காதே, டியில் வை' என்ற நம் கடைக்காரர் வைத்தியத்தைச் செய்தவர்கள். ஜாக்கிரதையானவர்கள். பெயரை டிக்கு மாற்றினார்கள், பொருள் சியிலேயே இருந்துவிட்டது. அவ்வளவுதான் பிழை.

2020 பிப்ரவரியில் இன்னொரு விண்டோஸ் 10 மேம்பாட்டுக்குப் பிறகு சிலருக்கு டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தது. இந்த முறை கோப்புகள் அழியவில்லை. கணினி அவர்களைத் தற்காலிகக் கணக்கில் உட்கார வைத்துவிட்டது. யூசர்ஸ் ஃபோல்டரில் அவர்கள் பெயரோடு .000 அல்லது .பேக் என்று ஒட்டிக்கொண்டு எல்லாம் அடுத்த அறையிலேயே இருந்தன.

ஆப்பிளும் இடம் மாற்றியது. 2019ல் வந்த மேக் கேட்டலினா, இயங்குதளத்தை யாரும் எழுத முடியாத தனிப் பிரிவில் பிரித்து வைத்தது. அப்போது எங்கே வைப்பது என்று தெரியாத கோப்புகளை 'ரீலொகேட்டட் ஐட்டம்ஸ்' என்ற ஃபோல்டரில் போட்டு, அதற்கு ஒரு குறுக்குவழியை டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டுப் போனது. வீடு மாற்றும் ஆள் "உங்க சாமான் இங்க இருக்கு" என்று சீட்டு எழுதி வைத்த மாதிரி. அந்த ஒரு சீட்டு எத்தனை பேரின் தூக்கத்தைக் காப்பாற்றியிருக்கும்!

இப்போதைய நிலை: விண்டோஸில் ஒன்டிரைவ் பேக்கப்பை இயக்கினால் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் யூசர்ஸுக்குள் இருக்கும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் குடிபோகலாம். பிறகு அதை நிறுத்தினால் டெஸ்க்டாப் காலியாகத் தெரியக்கூடும். கோப்புகள் ஒன்டிரைவ் ஃபோல்டரில் இருக்கும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்ததால், நிறையப் பேர் வீடு மாறும் காலம் இது.

தேடுவது எப்படி, அடுக்குவது எப்படி

வரலாறு படித்ததற்கு ஒரு பிரயோஜனம் வேண்டாமா? தேடும்போது நான் இப்போது போகும் வரிசை இது. முதலில் சி டிரைவில் யூசர்ஸைத் திறந்து, என் பெயரை ஒத்த இன்னொரு ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்ப்பேன். அடுத்து ஒன்டிரைவ் ஃபோல்டர், அதன் இணையப் பக்கம். அடுத்து டி டிரைவ். கடைசியாக 'விண்டோஸ்.ஓல்ட்'. ஃபார்மட் செய்யாமல் புது விண்டோஸ் போட்டால் பழைய விண்டோஸும் பழைய யூசர்ஸும் இதற்குள் போகும். ஆனால் இது நிரந்தரமில்லை. விண்டோஸ் 10ன் ஆரம்பத்தில் ஒரு மாதம் இருந்தது, 2016லிருந்து பத்தே நாள். இடம் போதவில்லை என்று டிஸ்க் க்ளீனப் ஓட்டும்போது 'பழைய விண்டோஸ்' என்பதில் டிக் போட்டாலும் போய்விடும்.

மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது இன்னும் எளிது. டாக்குமெண்ட்ஸ் மேல் வலது க்ளிக் செய்து, புராப்பர்ட்டீஸில் லொகேஷன் என்ற பகுதியைப் பாருங்கள். அதுதான் உண்மையான முகவரி. ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிக்சர்ஸுக்கும் டெஸ்க்டாப்புக்கும் அப்படியே. முகவரியை வேறு டிரைவுக்கு மாற்றினால், கோப்புகளையும் நகர்த்தவா என்று கேட்கும்போது சரி என்று சொல்லி, பழைய இடம் நிஜமாகவே காலியா என்று போய்ப் பாருங்கள். தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, அதிலிருந்து இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பாருங்கள். பழைய தமிழ்க் கோப்பு இருந்தால் எழுத்துருவையும் சேர்த்து எடுத்து வையுங்கள். அல்லது யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். மூன்றாம் நாள் ராத்திரி விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டருக்குள் யூசர்ஸ், அதற்குள் அப்பா பெயர், அதற்குள் டாக்குமெண்ட்ஸ் என்று போனால் கோப்பு இருந்தது. திறந்தால் நாற்பது பக்கமும் ஆங்கிலக் கிறுக்கல்! அப்பா எழுதியது பாமினியில். ஒரு நிமிடம் கைகால் ஓடவில்லை. பிறகு அதே விண்டோஸ்.ஓல்டுக்குள் பழைய விண்டோஸ் ஃபோல்டரும், அதற்குள் ஃபாண்ட்ஸும் இருப்பது உறைத்தது. எழுத்துருவை எடுத்துப் போட்டதும் முதல் வரி தமிழாக வந்தது.

அப்பாவை எழுப்பினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து, கண்மாய் உடைந்த பக்கத்தை நின்றபடியே படித்தார். அடுத்த வாரம் முழுவதும் இருவரும் உட்கார்ந்து அதை யூனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்த்தோம். இப்போது அது மூன்று இடத்தில் இருக்கிறது. மூன்றின் முழு முகவரியும் அப்பாவின் டைரியில் முதல் பக்கத்தில் பேனாவால் எழுதி இருக்கிறது. ஃபோல்டர் பெயரை மட்டும் நாங்கள் மாற்றினோம். டாக்குமெண்ட்ஸ் இல்லை, 'தாத்தா'.